கையைத் திருப்பி எடுத்தவர்கள்: பேஸ்போலில் காத்திருப்புக்கு யார் காசு கொடுத்தது?

சத்திரசிகிச்சைகளுக்கு வழமையாக ஒன்றில் உறுப்பின் பெயர் இருக்கும், இல்லாவிட்டால் கண்டுபிடித்த வைத்தியரின் பெயர் இருக்கும். நோயாளியின் பெயரில் ஒன்று இருப்பது அபூர்வம். அமெரிக்க பேஸ்போலில் முழங்கையின் உள்பக்க நார் அறுந்து, அதற்குப் பதிலாக வேறொரு நாரை எடுத்துப் போட்டால் அதற்குப் பெயர் 'டொமி ஜோன் சத்திரசிகிச்சை'. டொமி ஜோன் வைத்தியர் இல்லை. பந்தெறிந்தவர். சத்திரசிகிச்சை செய்தவரின் பெயர் ஃபிராங்க் ஜோப்.

இந்தப் பெயர் எப்படி வந்தது என்று தேடத் தொடங்கித்தான் நாங்கள் இந்தக் கட்டுரைக்குள் வந்தோம். பேஸ்போல் எங்கட விளையாட்டு இல்லை. கிரிக்கெட்டில் வளர்ந்த ஆக்களுக்கு அதன் ஸ்கோர் பலகையே ஒழுங்காக விளங்காது. ஆனால் வாசிக்க வாசிக்க, இது மருத்துவ வரலாறு மட்டும் இல்லை, ஒரு தொழிலாளர் வரலாறும் கூட என்று பட்டது. காயப்பட்ட கை திரும்பவும் எறிவதற்குக் காலம் வேணும். அந்தக் காலம் முழுக்க அந்த மனிசன் உழைக்க மாட்டான். அப்ப அவன் இருக்கிற மாதங்களுக்கு யார் செலவு செய்வது? பேஸ்போலில் யாருடைய கை திரும்பி வந்தது, யாருடையது வரவில்லை என்று பார்த்தால், பாதிக் கதையாவது இந்தக் கேள்வியில்தான் இருக்கு.

முதலில் கைக்கு என்ன நடக்குது என்று பார்த்துவிடுவோம். பேஸ்போலில் பந்தெறிபவரை பிட்சர் என்பார்கள். எல்லேயில் மாதிரி அடிப்பவருக்கு வசதியாகப் போடுவது அவர் வேலை இல்லை. ஒரு சின்ன மண்மேட்டில் நின்று 60 அடி 6 அங்குல தூரத்துக்கு, அடிக்கவே முடியாதபடி எறிய வேணும். கிரிக்கெட்டில் முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரக் கூடாது. அதனால் வேகப்பந்து வீச்சாளர்களின் பெரிய துன்பம் கீழ் முதுகில்தான் வரும். பேஸ்போலில் அப்படிக் கட்டுப்பாடு இல்லை. கை மடங்கி, பின்னுக்குச் சாய்ந்து, ஒரு சவுக்கு மாதிரி முன்னுக்கு வரும். தோள் சுழலும் வேகம் செக்கனுக்கு 7,000 பாகை வரை போகும். மனித உடல் செய்யும் அசைவுகளில் இதைவிட வேகமானதைச் சொல்வது கஷ்டம். அந்தக் கணத்தில் முழங்கையின் உள்பக்கத்தில் விழும் முறுக்கு விசை 64 நியூற்றன் மீற்றர் அளவில் இருக்கும். இறந்தவர்களின் முழங்கைகளில் செய்த சோதனைகளிலே, அதே இடத்திலுள்ள நார் அதன் பாதி அளவிலேயே அறுந்துபோனது. அப்படியென்றால் ஒவ்வொரு எறிதலிலும் அந்த நாரைக் காப்பாற்றுவது சுற்றியுள்ள தசைகள்தான். தசை களைத்தால் நார் தனியே நிற்கும்.

இது 1990களில் விளங்கிய விசயம். அதற்கு முந்தைய ஆக்களுக்கு 'கை செத்துப் போச்சு' என்ற ஒரு சொல்தான் இருந்தது. அதற்குள் அறுந்த நார், கிழிந்த தோள், நரம்பு, எலும்பு எல்லாம் அடங்கும். மருந்து என்றால் தைலம், சூடு, கொஞ்ச நாள் ஓய்வு.

டிஸி டீனின் கதை எங்களைக் கனநேரம் யோசிக்க வைத்தது, ஏனென்றால் அவருடைய காயம் கையில் இல்லை. சென் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக 1934இல் 30 போட்டிகளில் வென்றவர் டீன். (பேஸ்போலில் வெற்றி தோல்வியை பந்தெறிபவரின் கணக்கிலும் எழுதுவார்கள். 20 வென்றாலே அது பெரிய வருசம்.) 1937 யூலை 7, வோஷிங்டனில் நடந்த நட்சத்திரப் போட்டியில் ஏர்ல் அவரில் அடித்த பந்து நேரே வந்து டீனின் காலில் பட்டு, கால் விரல் உடைந்தது. ஒரு விரல் தானே. இரண்டு கிழமையில் திரும்பவும் மேட்டில் நின்றார். உடைந்த விரலில் பாரம் விழாமல் இருக்க, கால் வைக்கும் விதத்தைத் தன்னை அறியாமல் மாற்றிக்கொண்டார். கால் மாறினால் இடுப்பு மாறும், இடுப்பு மாறினால் தோள் மாறும். கை போய்விட்டது. அப்போது அவருக்கு வயது 27. அடுத்த வருசம் சிக்காகோ கப்ஸ் அணி அவரை 185,000 டொலர் காசும் மூன்று வீரர்களும் கொடுத்து வாங்கியது, ஆனால் பழைய வேகம் வரவேயில்லை. 1941க்குப் பிறகு 1947இல் ஒரே ஒரு போட்டி. அவ்வளவுதான்.

டீனுக்கு முந்தி ஸ்மோக்கி ஜோ வூட் என்று ஒருவர். 1912இல் 22 வயதில் 34 வெற்றி, 5 தோல்வி. 1913இல் ஈரப்புல்லில் வழுக்கிப் பெருவிரல் உடைந்தது, கெதியாகத் திரும்பி வந்தார், தோள் கெட்டது. கடைசியில் பந்தெறிவதையே விட்டுவிட்டு வெளிக்களத்தில் நின்று துடுப்பாளராகக் காலத்தை ஓட்டினார்.

ஏன் இவ்வளவு அவசரம்? அந்தக் காலத்து ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. ஒரு வீரர் ஒருமுறை ஒரு கழகத்தில் கையெழுத்திட்டால், ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் அவரை வைத்திருக்கும் உரிமை அந்தக் கழகத்துக்கே. வேறு இடத்துக்குப் போக முடியாது. கழகம் விற்கலாம், கைவிடலாம், சம்பளத்தைக் குறைக்கலாம். 'கை நோகுது' என்று சொன்னால் அந்த இடத்துக்கு வர நூறு பேர் கீழ்நிலை லீக்குகளில் நின்றார்கள். நாட்கூலி வேலையில் காய்ச்சலோடு போகிற மனிசரை எங்களுக்குத் தெரியும், அதே கணக்குத்தான் இது. நோவை மறைப்பது வீரம் என்று பத்திரிகைகள் எழுதின. வேறு வழி இல்லாதவர்களின் காரியத்தை வீரம் என்று எழுதுவது பத்திரிகைகளுக்கு எப்பவும் சுகம்.

ஆனால் அதே காலத்தில் ஒரு கை, சத்திரசிகிச்சை எதுவும் இல்லாமல், திரும்பி வந்திருக்கு. சட்செல் பேஜ் கறுப்பர். பெரிய லீக்குகள் 1947 வரை கறுப்பர்களைச் சேர்க்கவில்லை, அதனால் அவர் நீக்ரோ லீக்குகளிலும் ஊர் ஊராகக் காட்சிப் போட்டிகளிலும் வருசம் முழுக்க எறிந்தார். 1938இல் மெக்சிக்கோவில் விளையாடியபோது கை தூக்கவே முடியாமல் போனது. இனி எறிய முடியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அவரை எடுக்க யாரும் இல்லை. கன்சாஸ் சிற்றி மொனார்க்ஸ் கழகத்தின் உரிமையாளர் ஜே. எல். வில்கின்சன் எடுத்தார். முதல் அணியில் போடவில்லை. இரண்டாம் அணியில் சேர்த்து, அந்த அணிக்கே பேஜின் பெயரைச் சூட்டி, சின்ன ஊர்களுக்கு அனுப்பினார். சனம் பெயரைப் பார்க்க வந்தது. பேஜ் ஓர் ஓரத்தில் நின்று களத்தடுப்புச் செய்வார், ஒன்றிரண்டு இன்னிங்ஸ் மெதுவாக எறிவார். 1939 அப்படியே போனது. கை மெல்ல மெல்லத் திரும்பியது. வேகம் மட்டும் இருந்த கையில் வளைவுப் பந்துகளும் சேர்ந்தன.

வில்கின்சன் பெருந்தன்மைக்காக மட்டும் செய்தார் என்று நாங்கள் நினைக்கவில்லை, பேஜின் பெயருக்கு ரிக்கற் விற்றது. ஆனாலும் விளைவைப் பாருங்கோ. வேகமாக எறிய வேண்டிய கட்டாயம் இல்லாமல், சம்பளத்தோடு ஒரு வருசம் லேசாக எறிய ஒருவருக்கு இடம் கிடைத்திருக்கு. இன்றைக்கு பிசியோக்கள் எழுதிக் கொடுக்கிற திட்டத்துக்கு இது எவ்வளவு கிட்ட என்று பிறகு பார்ப்போம். 1948 யூலையில், 42 வயதில், கிளீவ்லாந்து அணிக்காகப் பெரிய லீக்கில் முதன்முதலாக இறங்கி, அந்தப் பருவத்தில் 6 வென்று 1 தோற்றார் பேஜ்.

இனி லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸ். கதையின் மிச்சம் பெரும்பாலும் இந்தக் கழகத்தைச் சுற்றித்தான் நடக்குது.

சான்டி கூஃபாக்ஸ் 1965இல் 335 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தார். இன்றைக்கு ஒருவர் 200 எறிந்தாலே பெரிய விசயம். இடது முழங்கையில் மூட்டுவாதம். போட்டிக்கு முதல் உடம்பு எரிகிற தைலம், நோவுக்கு மாத்திரை, மூட்டுக்குள் கோர்ட்டிசோன் ஊசி, போட்டி முடிய ஐஸ் தண்ணிக்குள் கை. இதைப் பார்த்துக்கொண்டவர் ரொபேர்ட் கேர்லன், ஃபிராங்க் ஜோப்பின் கூட்டாளி வைத்தியர். 1966 வசந்தத்தில் கூஃபாக்ஸும் சக வீரர் டொன் ட்ரைஸ்டேலும் சேர்ந்து, சம்பளம் கூட்டாவிட்டால் வரமாட்டோம் என்று ஒரு மாதமளவில் வெளியே நின்றார்கள். இரண்டு பேர் சேர்ந்து பேரம் பேசுவது அப்போது கேள்விப்படாத காரியம். கூஃபாக்ஸுக்கு 125,000 டொலர் கிடைத்தது. அந்த வருசம் 323 இன்னிங்ஸ், 27 வெற்றி. நவம்பர் 18ஆம் திகதி, 30 வயதில், விளையாட்டை விட்டுவிட்டதாக அறிவித்தார். மிச்ச வாழ்க்கைக்கும் இந்தக் கை வேணும் என்பதுதான் அவர் சொன்ன காரணத்தின் சாரம். விளையாட்டின் உச்சத்தில் இருந்த ஆள் அப்படிச் சொன்னது பலருக்கு விளங்கவில்லை. எங்களுக்கு அதுதான் இந்த வரலாற்றிலேயே தெளிவான முடிவு என்று படுது. காத்திருந்து திரும்பி வர வழி இல்லாத காலத்தில், விட்டுப் போவதுதான் கைக்கு இருந்த ஒரே பாதுகாப்பு.

எட்டு வருசம் கழித்து, அதே டொட்ஜர்ஸ். 1974 யூலை 17, மொன்றியல் எக்ஸ்போஸுக்கு எதிரான போட்டி. இடக்கை பிட்சர் டொமி ஜோன், அந்தப் பருவத்தில் அதுவரை 13 வெற்றி, 3 தோல்வி. ஒரு பந்தை எறிந்தார், கை தன்னுடையது இல்லாத மாதிரி இருந்தது. இன்னொன்று எறிந்து பார்த்தார். பிறகு மேட்டை விட்டு நடந்தார், வேறு ஆளைப் போடச் சொன்னார். சில கிழமை ஓய்வு எடுத்துப் பார்த்தும் சரிவரவில்லை. எலும்பையும் எலும்பையும் பிடித்துவைக்கிற உள்பக்க நார் அறுந்திருந்தது.

ஜோப் இரண்டாம் உலகப்போரில் இராணுவ மருத்துவ உதவியாளராக இருந்தவர். போலியோ நோயாளிகளின் கைகால்களில் தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தும் முறை அவருக்குத் தெரியும். அதையே இங்கே செய்யலாம் என்று யோசித்தார். வலது மணிக்கட்டுப் பக்கம் ஒரு மெல்லிய நாண் உண்டு. பெருவிரலையும் சின்னவிரலையும் சேர்த்துப் பிடித்து மணிக்கட்டை மடக்கினால் பலருக்கு நடுவில் துருத்திக்கொண்டு தெரியும். சிலருக்கு அது பிறப்பிலேயே இல்லை, இல்லாமலும் கை ஒழுங்காக வேலை செய்யும். (வாசிக்கிற நீங்கள் இப்ப செய்து பார்ப்பீர்கள் என்று தெரியும். நாங்களும் செய்து பார்த்தோம்.) அந்த நாணை எடுத்து, இடது முழங்கையின் எலும்புகளில் துளையிட்டு, எட்டு வடிவில் கோர்த்துக் கட்டினார். திகதி 1974 செப்டம்பர் 25. திரும்பி எறிய வாய்ப்பு நூற்றில் ஒன்று என்று ஜோப் சொன்னது பலரும் திருப்பித் திருப்பி எழுதிய கதை.

வழமையாகக் கதை இங்கே முடிந்து, அடுத்த வரியில் ஜோன் 20 போட்டிகள் வென்றுவிடுவார். நடுவில் ஒன்றரை வருசம் இருக்கு. எங்களுக்கு முக்கியம் அதுதான்.

முதலில் கை இன்னும் மோசமானது. முழங்கையால் போகும் நரம்பு பாதிக்கப்பட்டு, விரல்கள் கொளுக்கி மாதிரி மடங்கி மரத்துப் போயின. டிசம்பரில் இரண்டாவது சத்திரசிகிச்சை. நரம்பு வளர்வது நாளுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில்தான். அதற்கு மருந்தும் இல்லை, குறுக்கு வழியும் இல்லை. 1975 பருவம் முழுவதும் ஜோன் ஒரு போட்டியிலும் எறியவில்லை. விரல் மடக்கி நிமிர்த்துவார், ஓடுவார், மனைவி சாலிக்குப் பந்தை மெதுவாக எறிந்து பழகுவார். அணியிலே மைக் மார்ஷல் என்றொருவர், பந்தெறிபவர், உடல் அசைவியல் படித்தவர். கைக்குப் பாரம் குறையும்படி எறியும் விதத்தை மாற்ற அவர் உதவினார். அந்த வருசக் கடைசியில் அரிசோனாவில் பயிற்சி லீக் ஒன்றில், பார்க்க ஆளில்லாத போட்டிகளில் எறிந்தார். 1976 ஏப்ரல் 16 அற்லாண்டாவுக்கு எதிராகத் திரும்பி வந்தார். அந்த வருசம் 10 வெற்றி, 10 தோல்வி. அடுத்த வருசம் 20 வெற்றி. 46 வயது வரை, 1989 வரை, எறிந்தார். மொத்தம் 288 வெற்றி. அதில் 164 சத்திரசிகிச்சைக்குப் பிறகு.

இந்த இடத்தில் இன்னொரு நிகழ்வை வைத்துப் பார்க்க வேணும். ஜோன் வீட்டில் பந்தை உருட்டிக்கொண்டிருந்த அதே 1975இல், அதே டொட்ஜர்ஸில், அன்டி மெஸர்ஸ்மித் ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமலே முழுப் பருவமும் எறிந்தார். ஒப்பந்தம் இல்லாமல் ஒரு வருசம் முடிந்தால் தான் சுதந்திர ஆள் என்பது அவரதும் வீரர் சங்கத்தினதும் வாதம். டிசம்பர் 23ஆம் திகதி நடுவர் பீற்றர் சைற்ஸ் அதை ஏற்றுக்கொண்டார். பழைய ஒப்பந்த வரி உடைந்தது. வீரர்கள் விரும்பிய கழகத்தோடு பல வருச ஒப்பந்தம் செய்யலாம் என்றானது. 1978 பருவம் முடிய ஜோனும் திருத்திய கையோடு நியூயோர்க் யாங்கீஸுக்குப் போனார்.

சத்திரசிகிச்சையையும் சைற்ஸின் தீர்ப்பையும் ஒரே பக்கத்தில் வைத்து எழுதுவது வழக்கமில்லை. எங்களுக்கு இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதாகத்தான் தெரியுது. ஐந்து வருசச் சம்பளம் எழுதிக் கொடுத்த கழகத்துக்கு, அந்தக் கை இரண்டு கிழமையில் வருவதைவிட ஒன்றரை வருசத்தில் ஒழுங்காக வருவதுதான் லாபம். நோவை மறைக்கத் தேவையில்லை என்ற நிலை, மேல்தட்டு வீரர்களுக்காவது, அப்படித்தான் வந்தது. கீழ்நிலை லீக் வீரர்கள் சங்கத்துக்குள் வந்தது 2022இல்தான்.

ஜோப் அவசரப்படவில்லை. இரண்டாவது ஆளுக்கு 1978 வரை செய்யவில்லை. அந்த இரண்டாமவர் பெரிய லீக்குக்குத் திரும்பவும் இல்லை. 1986இல் ஜோப்பும் கூட்டாளிகளும் வெளியிட்ட அறிக்கையில் 16 விளையாட்டு வீரர்கள், பழைய நிலைக்கு வந்தவர்கள் 10 பேர். இப்போது பெரிய லீக் பந்தெறிபவர்களில் மூவரில் ஒருவர் அளவுக்கு இந்தத் தழும்போடு இருக்கிறார்கள்.

சரி, ஒழுங்காகத் திரும்பி வருவதென்றால் என்ன செய்வது? வாசித்தால் சலிப்பு வரும், அந்தளவுக்குச் சாதாரணம். சத்திரசிகிச்சை முடிந்து நாலு மாதமளவில் முதல் எறிதல். தூரம் 45 அடி. சமதரையில், மேட்டில் இல்லை. முதலில் உடம்பைச் சூடாக்கிவிட்டுத்தான் எறிய வேணும், எறிந்து சூடாக்கக் கூடாது. 25 எறிதல், கொஞ்சம் ஓய்வு, இன்னொரு 25. அடுத்த நாள் எறியக் கூடாது. நோவில்லாமல் இப்படிச் சில தடவை முடிந்தால் 60 அடி, பிறகு 90, 120, 150. அதற்குப் பிறகுதான் மேடு. மேட்டிலும் முதலில் நேர்ப்பந்து, அதுவும் அரைவாசிப் பலத்தில். வளைவுப் பந்து கடைசியில். போட்டிக்கு வர ஒரு வருசம் தொடக்கம் ஒன்றரை வருசம்.

நோவுக்கும் கணக்கு இருக்கு. தொடங்கும்போது கொஞ்சம் நொந்து, முதல் 15 எறிதலுக்குள் போய்விட்டால் போன தடவை செய்ததையே திருப்பிச் செய்யலாம். எறிந்து ஒரு மணித்தியாலம் கழிந்தும் நோ இருந்தால், அல்லது அடுத்த நாளும் இருந்தால், ஒரு நாள் கூட ஓய்வு. 15 எறிதல் தாண்டியும் போகாவிட்டால் உடனே நிறுத்தி, இரண்டு நாள் ஓய்வெடுத்து, ஒரு படி கீழே இறங்கித் தொடங்க வேணும். (இதைப் பார்த்துத் தன் தோளைத் தானே வைத்தியம் பார்க்க வேண்டாம். இந்தத் திட்டங்கள் கையைப் பார்க்கிற பிசியோவோடு சேர்ந்து நடத்துவதற்கு எழுதப்பட்டவை.)

இதில் இரண்டு பொறி இருக்கு. முதலாவது, பொருத்திய நாண் உடனே நாராகிவிடாது. உடம்பு அதற்குள் புது இரத்தக் குழாய்களை விட்டு, மெதுவாக மாற்றியமைக்க வேணும். அது மாதக்கணக்கு. ஆனால் நோவு அதற்கு வெகு முதலே போய்விடும். ஆறாம் ஏழாம் மாதம் கை பொன்மாதிரி இருக்கும், அப்பதான் ஆபத்துக் கூட. இரண்டாவது, மனிசருக்குத் தன் பலத்தை அளக்கத் தெரியாது. அரைவாசிப் பலத்தில் எறியச் சொல்லி அளந்தபோது பந்தின் வேகம் முழுவேகத்தின் 85 வீதமளவில் வந்திருக்கு. 'நான் மெதுவாத்தான் எறிஞ்சன்' என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் தெரியும். அதனால்தான் பலத்தை விட்டு, தூரத்தையும் எண்ணிக்கையையும் வைத்துத் திட்டம் போடுகிறார்கள்.

இந்தப் பொறுமையை அழகாகச் செய்து காட்டியவர் என்று எங்களுக்குப் பிடித்தவர் ஜப்பானின் சோஜி முராதா. லொட்டே ஒரியன்ஸ் அணிக்காரர். பந்தெறிபவரின் கையில் கத்தி வைத்தால் முடிந்தது என்று ஜப்பானில் நினைத்த காலம். 1983இல் அமெரிக்கா போய் ஜோப்பிடம் செய்துகொண்டார். 1985இல் திரும்பியபோது அணி அவரைக் கிழமைக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எறிய விட்டது. பருவம் தொடங்கித் தொடர்ந்து 11 வெற்றி, முடிவில் 17 வெற்றி, 5 தோல்வி. 'ஞாயிறு சோஜி' என்றே பெயர் வந்தது. ஆறு நாள் ஓய்வு ஒரு கேலிப்பெயராகாமல் செல்லப்பெயரானது எங்களுக்கு வியப்பு.

அமெரிக்காவில் அதே காரியம் 2012இல் பெரிய சண்டையானது. வோஷிங்டன் நஷனல்ஸின் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பேர்க் 2010இல் சத்திரசிகிச்சை செய்தவர். 2012 அவருடைய முதல் முழுப் பருவம். முகாமையாளர் மைக் ரிஸோ, இவ்வளவுதான் எறியலாம் என்று முதலே ஓர் எல்லை வைத்திருந்தார். அணி அந்த வருசம் 98 போட்டிகள் வென்று மேலே நின்றது. செப்டம்பரில், 159 இன்னிங்ஸ் கடந்த நிலையில், ரிஸோ அவரை நிறுத்திவிட்டார். ஸ்ட்ராஸ்பேர்க்கே கோபப்பட்டார். இறுதிச் சுற்றுகளில் அவர் இல்லாமல் இறங்கிய அணி, ஐந்தாவது போட்டியில் 6-0 என்று முன்னுக்கு நின்றும் கார்டினல்ஸிடம் தோற்று வெளியேறியது. கழகம் கோழை என்று எழுதினார்கள். 2019இல் நஷனல்ஸ் உலகத் தொடரை வென்றபோது அதன் சிறந்த வீரர் ஸ்ட்ராஸ்பேர்க். ரிஸோ சரி என்று எழுதினார்கள். பிறகு 245 மில்லியன் டொலர் ஒப்பந்தம், அதற்குப் பிறகு தோள்பட்டை நரம்புப் பிரச்சினை, அந்த ஒப்பந்தக் காலத்தில் 31 இன்னிங்ஸ் மட்டும், 2024இல் ஓய்வு. இப்ப என்ன எழுதுவது? காத்திருந்தால் கட்டாயம் பலன் என்று யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லலாம். எங்களுக்கு இன்னமும் 2012இல் ரிஸோ செய்தது சரி என்றுதான் படுது, 2019 நடக்காமல் போயிருந்தாலும்.

சம்பளமே இல்லாத கைகள் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இந்தச் சத்திரசிகிச்சைக்கு வருகிறவர்களில் இப்போது கனபேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். 2006இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், களைத்த கையோடு அடிக்கடி எறிந்த இளம் வீரர்கள் சத்திரசிகிச்சைக்குப் போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 36 மடங்கு. அடுத்த வருசம் லிட்டில் லீக், இன்னிங்ஸ் கணக்கை விட்டு எறிதல் கணக்கைச் சட்டமாக்கியது. 11, 12 வயதுக்கு நாளைக்கு 85. 66 அல்லது அதற்கு மேல் எறிந்தால் நாலு நாள் ஓய்வு. ஜப்பானில் கோஷியென் பாடசாலைத் தொடரில் 2013 வசந்தத்தில் 16 வயது தொமோஹிரோ அன்ராகு ஐந்து போட்டிகளில் 772 பந்துகள் எறிந்தார். நாடு முழுக்கக் கண்ணீரோடு பார்த்தது. கிழமைக்கு 500 என்று எல்லை வந்தது 2020இல். பிள்ளைக்கு ஒப்பந்தமும் இல்லை, சங்கமும் இல்லை. 'போதும்' என்று சொல்ல ஒரு பெரியவர் வேணும், அந்தப் பெரியவர்தான் பெரும்பாலும் வெற்றியையும் விரும்புகிறவர். அதனால்தான் எண்ணிக்கையைச் சட்டமாக எழுத வேண்டி வந்தது.

கடைசியாக ஷோஹெய் ஒதானி. பந்தும் எறிவார், துடுப்பும் பிடிப்பார். 2018 ஒக்டோபரில் முதல் சத்திரசிகிச்சை, 2020இல் திரும்பி வந்து இரண்டே போட்டிகள், மொத்தம் இரண்டு இன்னிங்ஸ் கூட முடிக்கவில்லை, திரும்பவும் நிறுத்தம். 2023இல் முழங்கை இரண்டாம் முறை கிழிந்தது. செப்டம்பரில் சத்திரசிகிச்சை செய்தவர் நீல் எல்அட்ராஷ், கேர்லனும் ஜோப்பும் தொடங்கிய அதே மருத்துவ நிலையத்தைச் சேர்ந்தவர். எறிய முடியாத அந்தக் கையோடு நின்ற ஆளுக்கு டொட்ஜர்ஸ் டிசம்பரில் பத்து வருசத்துக்கு 700 மில்லியன் டொலர் எழுதிக் கொடுத்தது. 2024 முழுவதும் அவர் ஒரு பந்தும் எறியவில்லை, துடுப்பு மட்டும்தான். திரும்பி வந்தது 2025 யூன் 16, சத்திரசிகிச்சைக்கு 21 மாதம் கழித்து. அன்று 28 பந்துகள், ஒரே ஒரு இன்னிங்ஸ். அடுத்த தடவையும் ஒன்றுதான். பிறகு இரண்டு, பிறகு மூன்று.